மாமியார் குரல் பெட்டிக்குள் போன விவகாரம்

காசிமேட்டில் ஒருவன் தன் மாமியாரின் குரலைக் கரண்டு வைத்து உறிஞ்சி ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டான் என்ற சேதி, பேசும் படம் பட்டணத்துக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த அந்தக் காலத்தில், வடக்கே திருவொற்றியூர் தேரடி வரைக்கும் தெற்கே பாரிமுனை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ராயபுரத்தில் சொன்னவர்கள் பெட்டி தேக்குமரம் என்றார்கள். தண்டையார்பேட்டைக்கு வருவதற்குள் பெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது. பாரிமுனையில் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. காலையில் பெட்டியைத் திறந்தால் குரல் வெளியே வந்து மீன் ஏலம் போடுமாம், மத்தியானம் மூடினால் அடங்கிவிடுமாம். கலியாணமான ஆண்கள் இந்தச் சேதியை ஒரு தடவை கேட்டதோடு விடவில்லை. 'மூடினால் அடங்கிவிடும்' என்ற இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

இப்படியொரு சேதியை விசாரிக்காமல் விடுவது ஊருக்குச் செய்கிற துரோகம். விசாரிக்கப் போனதில் தெரிந்தது: பெட்டி உண்டு. மாமியார் உண்டு. மருமகன் உண்டு. குரல் காணாமல் போனதும் வாஸ்தவம். பூட்டும் சாவியும்தான் பாரிமுனைக்காரர்கள் கைவேலை. மீதிக் கதை பூவம்மாவினுடையது.

பூவம்மா காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். கட்டுமரம் கரையேறியதும் மீனை மணலில் கூறு கூறாகக் கொட்டுவார்கள். அவள் பக்கத்தில் நின்று விலையைக் கூவ, வியாபாரிகள் ஏற்றிக் கேட்க, மூன்று தரம் சொல்லி முடித்ததும் அந்தக் கூறிலிருந்து ஒரு கை மீன் அவளுக்கு. அதுதான் சம்பளம். பூவம்மாவுக்கு ஆண்டவன் கொஞ்சம் பெரிய கையாகக் கொடுத்துவிட்டான் என்பதில் வியாபாரிகளுக்கு நெடுநாள் வருத்தம். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பாமல் போன பிறகு, அந்த ஒரு கை மீனை வைத்தே மகள் கெங்கம்மாவை வளர்த்துக் கட்டிக் கொடுத்து, ஓலை வீட்டுக்கு ஓடும் போட்டுவிட்டாள்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ஏலம் கூறுகிறவள் கடலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். மீனைக் கொடுத்த கடலம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கொடுத்ததை விலை பேசக் கூடாது. ஆனால் வாங்குகிற வியாபாரிகளோ கரை மேட்டில், அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். கடலைப் பார்த்துக் கத்தி, முதுகுக்குப் பின்னால் இருப்பவனுக்குக் கேட்க வைக்க எப்பேர்ப்பட்ட தொண்டை வேண்டும்! பூவம்மாவுக்கு இருந்தது. அலை இரைச்சலையும் காக்காய்க் கூட்டத்தையும் தாண்டி அது ரோட்டு மேல் நிற்கும் ஐஸ் வண்டிக்காரனைப் போய்த் தொடும். வீட்டிலும் அவளிடம் வேறு குரல் கிடையாது. அவள் மகளிடம் ரகசியம் சொன்னால் அடுத்த சந்திலிருந்து யாராவது "ஆமாம்மே, நானும் அத்தத்தான் நெனச்சேன்" என்பார்கள்.

மருமகன் ஜெயவேல் கடல்காரன் இல்லை. கட்டுமரத்தில் ஏறினால் அவனுக்கு வாந்தி வரும். தண்டையார்பேட்டையில் கலியாணத்துக்குக் காஸ் விளக்கும் பொதுக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் கடையில் வேலை. கரண்டு என்றால் அவனுக்கு உயிர். கரண்டுக்கும் அவன்மேல் ஒரு கண் இருந்தது என்பதற்குக் கையில் தழும்புகள் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைவதற்கு முன்னால் உலகத்தை மாற்றிவிடுவான்.

"இனிமேட்டு பாரு அத்தே. ஐஸே வாணாம். ஒரு அலமாரி வரப்போவுது. மீனத் தூக்கி உள்ள வெச்சிட்டா போதும், பத்து நாளானாலும் கெடாது."

"பத்து நாளு மீனு கெடாம இருந்தா, அப்பறம் ஆரு தெனம் எங்கிட்ட வந்து வாங்குவான்? நீ சோத்தத் துன்னு."

"அலை கீது பாரு அத்தே, அலை. சொம்மா வந்து வந்து மோதிகினு கீது. அதுலேர்ந்து கரண்டு எடுக்கலாம்னு சீமையில ரோசனை பண்ணிகினு கீறாங்கோ."

"அது மீன் குடுக்குதே, பத்தாதா? அதையும் வெளக்குப் போடச் சொல்லணுமா? கஸ்டம்டா அதுக்கு."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வைகாசி மாதம் பூவம்மாவின் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் இறங்கு விலையில் மட்டும் பிசிறடித்தது. பிறகு ஏறு விலையிலும். மிளகு, கற்பூரவல்லி, சுடுதண்ணீரில் உப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஜெயவேல் அந்தச் சமயம் பார்த்து ஒரு தோல்பெட்டியோடு வந்தான். கப்பலேறிப் போய்விட்ட ஒரு துரை வீட்டுச் சாமான்களோடு பழைய சாமான் கடைக்கு வந்தது. உள்ளே கண்ணாடிக் குழல் ஒன்று. கரண்டைக் கொடுத்தால் கத்தரிப்பூ நிறத்தில் மினுமினுக்கும். மூட்டுவலி, மண்டையிடி, முடி உதிர்தல், மனக்கவலை எல்லாவற்றுக்கும் அது நல்லது என்று மூடியில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கரண்டு கிடையாது. மாமியாரைத் தண்டையார்பேட்டைக் கடையின் பின்னறைக்கே அழைத்துப் போய் முக்காலியில் உட்கார வைத்தான்.

"பயப்படாத அத்தே. இது சூடு இல்ல, சொம்மா குளிர்ச்சியான மின்னலு. சீமையில ராசாவே கழுத்துல வெச்சிக்கிறாராம்."

"அவரு இன்னாத்துக்கு வெச்சிக்கிறாரு? அவரும் மீன் கூவுறாரா?"

கண்ணாடிக் குழல் கழுத்தில் பட்டதும் முதலில் கூசியது. மழைக்கு முன்னால் வருமே, அப்படி ஒரு வாசனை வந்தது. பூவம்மா கண்ணை மூடிக்கொண்டு, பரவாயில்லை, பையன் ஏதோ உருப்படியாகச் செய்கிறான் என்று நினைத்த அதே நிமிஷம் பொறி ஒன்று தெறித்துத் தாடைக்குக் கீழே சுரீரென்று கடித்தது. "அடப்பாவீ!" என்று அவள் போட்ட கத்தலில் கடையில் தொங்கிய விளக்குக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது என்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஆகவே கரண்டு எதையும் உறிஞ்சவில்லை. ஏற்கெனவே புண்ணாகியிருந்த தொண்டை அந்த ஒரு கத்தலோடு போனது. ஆனால் இதைக் காசிமேட்டில் யாரிடம் சொல்வது? மருமகன் மாமியாரை ஒரு பெட்டியோடு கூட்டிப் போனான், திரும்பும்போது பெட்டி இருந்தது, குரல் இல்லை. கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் பட்டது. அந்த வாரம் ஜெயவேலைத் தேடி இரண்டு மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமு, அந்தப் பொட்டி ஒரு நாளைக்கு வாடகைக்குக் கெடைக்குமா?" என்று கேட்டார்கள். அவன் அழாத குறை. வீட்டில் ஒருத்தியால் பேச முடியவில்லை, இன்னொருத்தி பேச மாட்டேன் என்றிருந்தாள். நடுவில் உட்கார்ந்து சோறு தின்ன அவனுக்கு வெட்கமாக இருந்தது. தின்னத்தான் செய்தான்.

ராயபுரத்தில் திருநெல்வேலிப் பக்கத்து டாக்டர் ஒருவர் இருந்தார். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, தொண்டைக்குள் இன்னொரு குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"உள்ள குரல் நரம்பு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. இதுக்கு மருந்துன்னு பெரிசா ஒண்ணும் கெடையாது. பேசாம இருக்கணும். ஒரு மாசத்துக்கு வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா?"

பூவம்மா ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் காட்டினாள்.

"சாப்பிடலாம்."

மருமகனைக் காட்டி, காற்றில் கையை ஓங்கி ஒரு வீசு வீசினாள்.

"திட்டப்பிடாது."

இந்த ஆளுக்கு வைத்தியம் தெரியாது என்று பூவம்மா எழுந்துவிட்டாள். கெங்கம்மாதான் மரியாதைக்கு நின்று, "அம்மாவுக்கு கொரல் வந்திச்சினா ஒங்களுக்கு ஒரு நல்ல சேவலா கொண்ணாந்து குடுக்கறோம் டாக்டர்" என்றாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதற்குள் கரையில் அவள் நின்ற இடத்தில் பச்சையம்மா நின்றாள். பச்சையம்மா இந்த இடத்துக்காகப் பல வருஷமாகத் தொண்டையைப் பழக்கி வந்தவள். கோழியை விரட்டினாலும் ஏல ராகத்தில்தான் விரட்டுவாள். அவளும் நன்றாகத்தான் கூவினாள், அதுதான் பூவம்மாவுக்குத் தாங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆனி அமாவாசை வரைக்கும் பார்ப்பது. அதற்குள் பூவம்மாவின் விலை ஐஸ் வண்டிக்காரனுக்குக் கேட்டால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் பச்சையம்மாவுக்கு, பச்சையம்மாவுக்குப் பிறகு அவள் மகளுக்கு. ஒரு தடவை கைமாறினால் அந்த இடம் திரும்புவதில்லை.

அன்றைக்குப் பூவம்மா கங்கையம்மன் கோயிலுக்குப் போனாள். வாயால் கேட்க முடியாது. மனசுக்குள்ளேயே, குரலைக் கொடுத்தால் ஆடியில் ஒரு சேவல் அறுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பூசாரி பக்கத்தில் நின்றிருந்தார். அவள் எதை வேண்டிக்கொண்டாள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "வேற இன்னாத்த வேண்டிக்குவா?" என்கிறார். அது நியாயம்.

நாலைந்து நாளில் கரகரவென்று ஒரு சின்னக் குரல் திரும்பியது. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும். தேங்காய் துருவுகிற சத்தத்தில் யாரோ பேசுவது போல இருக்கும். அதைக் கேட்ட ராத்திரி ஜெயவேல் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"அத்தே! இது போதும். இத்தினியூண்டு கொரலு இருந்தா போதும்!"

அவன் கடையில் கூட்டத்துக்கு வாடகைக்குப் போகும் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. சாயங்காலம்தான் அதற்கு வேலை. காலையில் யாரும் கூட்டம் போட்டுத் தேசத்தைத் திருத்துவதில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, விடிகாலை எடுத்துப் போய் மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விடுவது என்று பேசினான். பூவம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேங்காய் துருவுகிற குரலில், "இதும் கடிக்குமா?" என்றாள்.

"கடிக்காது அத்தே."

"ஒம் பொட்டி பேசிச்சின்னா, கோயி அடிச்சு கொயம்பு வெச்சுப் போடறேன். இல்லாங்காட்டி, வூட்டாண்ட வராத."

வீட்டில் இருந்தது ஒரே சேவல். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனி மாதம். விடிந்ததிலிருந்து கச்சான் காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. ஜெயவேல் பாட்டரிப் பெட்டியை மணலில் பலகை போட்டு வைத்தான். கண்ணாடிக் குமிழ்கள் எரியும் இன்னொரு பெட்டி. மிட்டாய் டப்பா மாதிரி ஒன்றை மாமியார் கையில் கொடுத்தான், பேசுவதற்கு. பெரிய தகரக் குழாயை ஒரு துடுப்பு நட்டு அதன் உச்சியில் கட்டினான், வியாபாரிகள் நின்ற மேட்டைப் பார்த்து. கரையே கூடியிருந்தது.

பூவம்மா குழாயை நிமிர்ந்து பார்த்தாள். "திருப்பு."

"எத்த?"

"கொயாவ. கடலப் பாத்துத் திருப்பு."

"அத்தே, மீன் வாங்கறவன்லாம் அந்தாண்ட கீறான். கடலா வந்து ஏலம் எடுக்கப் போவுது?"

"இப்போ அதான என் வாயி? வாயி எத்தப் பாக்கணும்? திருப்பறியா, அந்தத் துடுப்பப் புடுங்கிப் போடவா?"

பெரியவர்கள் பூவம்மா சொல்வதுதான் முறை என்றார்கள். சத்தம் பின்பக்கமும் கேட்கும், பாதகமில்லை என்று ஜெயவேலும் திருப்பிக் கட்டினான். பச்சையம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "தகரத்தக் கட்டிகினு ஏலமாம், தகரம்! நாளைக்கு சாவு வூட்லயும் தகரத்தையே அய வெச்சிடுங்க."

முதல் கட்டுமரம் கரையேறியது. கவலை மீன் கூறு. பூவம்மா டப்பாவை வாய்க்கிட்டே வைத்து மெல்ல, "ஒர்ருவா" என்றாள்.

வானத்திலிருந்து யாரோ பெரிய ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னது போல, "ஒர்ருவா" என்று கடற்கரை முழுக்க இரைந்தது. நாய்கள் துறைமுகச் சுவர் வரைக்கும் ஓடின. காக்காய்கள் எழுந்தன. ரோட்டில் ஐஸ் வண்டிக்காரன் இரண்டு கையையும் தூக்கி, கேட்கிறது கேட்கிறது என்று ஆட்டினான். பூவம்மா டப்பாவை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பச்சையம்மா மன்னிக்கவே இல்லை.

வியாபாரிகளில் பெரிய தலை கலீலுல்லா. ஓட்டல்களுக்கும் ரயிலேறிப் போகும் கூடைகளுக்கும் மீன் எடுப்பவர். மீன்பாடு நிறைய இருக்கிற நாளில் வியாபாரிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கலீலுல்லா தலைப்பாகையைத் தொட்டால் அதற்குமேல் யாரும் ஏற்றுவதில்லை. அன்றைக்கு மீன்பாடு நிறைய. ரெண்டே காலில் தலைப்பாகையைத் தொட்டார். "ரெண்டே கால், ஒரு தரம்" என்று குழாய் கடலுக்குச் சொன்னது. "ரெண்டு தரம்" என்றும் சொன்னது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு அலை முறிகிற இடத்தைத் தாண்டிப் போனது.

அங்கே, பாய் இறக்கிக் கரைக்கு வரத் தயாராக நின்ற மரங்களில் ஒன்று மெல்ல மூக்கைத் திருப்பியது. பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம் கயிறு கட்டி இழுத்தாற்போல வடக்கே திருவொற்றியூரைப் பார்த்துப் போயின.

"ரெண்டே காலுன்னு பூவம்மா சொல்லுச்சு. அந்த வெலைக்கு இன்னாத்துக்குக் கரையேறணும்னு போய்ட்டோம்" என்றார்கள் பிற்பாடு.

அதற்குமுன் கடலில் இருக்கிறவனுக்குக் கரை விலை தெரிந்ததே கிடையாது. கரையேறி, மீனைக் கொட்டி, இனிமேல் அள்ள முடியாது என்ற பிறகுதான் தெரியும். இப்போது கரையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மீன் இல்லை. கலீலுல்லா தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"அரே பூவம்மா! நீ ஏலம் போடுறியா, சமுத்திரத்துக்குத் தந்தி குடுக்குறியா?"

"நான் இன்னா பாய் பண்ணேன்? நீ சொன்ன வெலையத்தான சொன்னேன்."

"அத்த ஏன் அவனுங்களுக்குச் சொல்ற? எங்களுக்குச் சொல்லு!"

மறுநாள் கலீலுல்லா புத்தியோடு வந்தார். முதல் கூறுக்கே, "நாலு ரூபா! நாலு! நல்லா கேக்கறாப்ல சொல்லு!" என்று கத்தினார். மரங்கள் மளமளவென்று வந்தன. நாலைந்து கரையேறியதும் விலை ரெண்டே முக்காலுக்கு இறங்கியது. அதையும் குழாய் ஒளிக்காமல் சொல்லிவிட்டது. மீதி மரங்கள் வடக்கே திரும்பின. மூன்றாவது நாள் மரக்காரர்கள் இன்னும் தேறிவிட்டார்கள். இரண்டு மூன்று விலை கேட்டு, அது இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே பாயை இறக்கினார்கள். அந்த மாதம் காசிமேட்டில் மீன் விற்ற விலைக்கு அதற்குமுன் விற்றதில்லை. பூவம்மாவின் ஒரு கை மீன் என்னவோ அதே ஒரு கை மீன்தான். ஆனால் மரத்துக்காரர்கள் தாங்களாகவே மேலே இரண்டு வைத்தார்கள்.

வியாபாரிகள் பெரியவர்களிடம் போனார்கள். குழாயைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் மரம் சொந்தம். ஆகவே முறை மிகவும் புனிதமானது என்று அவர்களுக்கு அன்றைக்குப் பட்டது. "கொயாதான் வாயி. வாயி கடலப் பாத்துதான் இருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு, பச்சையம்மா விடாமல் கேட்டதனால் இன்னொன்றும் சொன்னார்கள்: அமாவாசைக் கெடு குழாய்க்கும் சேர்த்துத்தான். அமாவாசை வரைக்கும் குழாய் பேசினால் இடம் பூவம்மாவுக்கு. அதற்குள் என்றைக்குக் குழாய் நின்றுவிடுகிறதோ அன்றைக்கே, அந்தக் கூறிலேயே, பச்சையம்மா.

அதிலிருந்து பச்சையம்மா தினமும் காலையில் தேன் குடித்துவிட்டு வந்து பாட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பூவம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் போனது. கனவில் குழாய் இருமியது.

குழாய்க்குச் சாயங்காலமும் வேலை இருந்ததல்லவா? அங்கேதான் வினை. ஒரு கூட்டத்தில் பேச எழுந்தவர், டப்பாவை வாய்க்கிட்டே கொண்டுபோனவர், அப்படியே தூரப் பிடித்துக்கொண்டார். தேசத்துக்காக உயிரையும் விடலாம் என்று சொல்லும்போதெல்லாம் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டதாம். முதலாளி ஜெயவேலைக் கூப்பிட்டு, குழாயைத் தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தான். உப்புக்காற்றும் புளியும் சேர்ந்து பாட்டரி முனையில் பச்சையாகப் பூத்தது. அதையும் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பூத்தது.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. வஞ்சிரம் பட்டிருந்தது, ஒவ்வொன்றும் கை நீளம், வெயிலில் தகடு மாதிரி மின்னின. கலீலுல்லா விட்டுக்கொடுக்கிற எண்ணத்தில் இல்லை. ராயபுரத்து வியாபாரி ஒருவரும் விடவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தது. "ஒம்போதே கால்" என்று பூவம்மா டப்பாவுக்குள் சொன்னாள்.

குழாய் 'க்ர்ர்' என்றது. அவ்வளவுதான்.

அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பூவம்மா டப்பாவைத் தட்டினாள். ஜெயவேல் மணலில் விழுந்து பாட்டரியைக் கட்டிக்கொண்டான். பச்சையம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தொண்டையைச் சரி செய்து, கூறுக்குப் பக்கத்தில் காலை எடுத்து வைத்தாள். "ஒம்போ—" என்று தொடங்கினாள்.

"டேய் மாப்ளே! இன்னாடா பண்ணிகினு கீற, கயிதே! ஒயரு மேல ஏறிக் குந்திகினு கீறியே, எந்திரிடா!"

கரையே திரும்பிப் பார்த்தது. ரோட்டில் ஐஸ் வண்டி மாடு காதை விறைத்தது. ஜெயவேல் ஒயரின் மேலிருந்து எழுந்தான், குழாய் நின்றதற்கும் அந்த ஒயருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். பூவம்மா கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். அது தன்னிடமிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. டப்பாவைக் கூடையில் போட்டாள். கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஒம்போதே கால்! ஒரு தரம்!"

பழைய குரல்தான். ஓரத்தில் கொஞ்சம் துரு. கரை மேட்டைத் தாண்டி ரோட்டைப் போய்த் தொட்டது. பச்சையம்மா எடுத்து வைத்த காலை மெதுவாகப் பின்னால் வைத்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, குடித்த தேனெல்லாம் வீண்.

முதலில் வந்து வாழ்த்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கலீலுல்லா. மனிதக் குரல் எவ்வளவு பெரிதானாலும் அலை முறிகிற இடத்தோடு நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். "அல்லா குடுத்த தொண்டை முன்னாடி தகரம் எம்மாத்திரம் பூவம்மா!" என்று ஒரு வஞ்சிரத்தையே தூக்கிக் கொடுத்தார். மரக்காரர்கள் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். குரல் வந்ததற்காகக் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் சிலபேர் மட்டும், "அம்மே, ஒனுக்கு தொண்ட நோவு மறுபடி வர்ராப்ல ஏதானா கீதா?" என்று கரிசனமாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கடைக்குப் போய்ச் சேர்ந்தது. இனி அது மீன் பக்கம் போகக் கூடாது என்று முதலாளி சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பாக்கி நிற்பது சேவல்தான்.

டாக்டர் சேதி கேட்டுச் சொன்னார்: "மாசம் பூரா கத்தாம இருந்திய, சரியாப்போச்சு. நான் சொன்னதுதான் இது." பூவம்மா கேட்டாள்: "நான் எங்க பேசாம இருந்தேன்? கடலு வரிக்கும் கேக்கப் பேசினேனே." ஜெயவேலின் வாதம் வேறு. அத்தை மெல்லப் பேசியதால்தான் தொண்டை ஆறியது, மெல்லப் பேச வைத்தது பெட்டி, ஆகவே டாக்டர் சொன்ன வைத்தியத்தைச் செய்தது பெட்டிதான். "அத்தொட்டு சேவல் எனுக்கு." பூசாரிக்கு வாதமே தேவையில்லை. கங்கையம்மன் பெயரைச் சொல்லிவிட்டு வீட்டு ஓட்டின் மேல் நிற்கும் சேவலை அண்ணாந்து பார்ப்பார்.

மூன்று பேருக்கும் மூன்று சேவல் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று கெங்கம்மா சொல்லிப் பார்த்தாள். பூவம்மா ஒப்பவில்லை. குணப்படுத்தியது ஒருத்தர்தானே, மற்ற இரண்டு பேருக்கும் சொம்மா எதற்குக் கொடுக்க வேண்டும்? யார் என்று தெரிகிற வரைக்கும் யாருக்கும் கிடையாது. தெரியாமல் கொடுத்தால் நிஜமாகக் குரலைக் கொடுத்தவர்களுக்குக் கோபம் வரும். அம்மன் கோபமும் டாக்டர் கோபமும் கூடத் தாங்கலாம். கரண்டின் கோபத்தை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள்.

ஆடி வந்தது, போனது. அடுத்த ஆடியும் போனது. சேவல் நெத்திலித் தலையாகத் தின்று கொழுத்து, ஓட்டில் ஏறினால் ஓடு நெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெயவேல் அடுப்படிக்கு வந்து சட்டி மூடியைத் திறந்து பார்க்கிறான்.

"இன்னிக்கும் நெத்திலியா அத்தே?"

"ஏன், நெத்திலிக்கு இன்னா கொற?"

மேலே சேவல் கூவியது. பூவம்மா கையில் கரண்டியோடு நின்று, அது முடிக்கிற வரைக்கும் கேட்டாள். தொண்டை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு மருமகன் தட்டில் நெத்திலிக் குழம்பை ஊற்றினாள், கொஞ்சம் தாராளமாகவே.